மாப்பிள்ளை அழைப்புக்கு மாட்டிய ஆல்டர்னேட்டர்

கண்ணு,

நீ நன்றாக இருக்கிறாய், ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி கோகிலா போனில் சொன்னாள். அதனால் நலம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் பெரியம்மா வீட்டு விருந்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். கல்யாணமான ஜோடியைப் பங்காளி வீடுகளில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சோறு போடுவது நம் பக்கத்து வழக்கம். எல்லா வீட்டுக்கும் போய் வந்துவிட்டு, உன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் வீட்டை மட்டும் விட்டால் அது சாப்பாட்டு விஷயம் இல்லை, உறவை அறுத்துக்கொள்வது. அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறாய். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், இல்லையென்றால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. பண்ணைக்குத் தீவனம் சொல்கிற துண்டுச்சீட்டைத் தவிர நான் எதையும் எழுதி ரொம்ப நாளாகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படி.

உன் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நம் வாசலில் நின்று உன் பெரியம்மா சொன்ன வார்த்தை என் காதிலும் விழுந்ததுதான். மாப்பிள்ளை அழைப்பில் உன்னை உட்கார வைத்து நான்தான் கார் ஓட்ட வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். அப்பா இருந்தால் அவர் ஓட்டியிருப்பார், அவர் இல்லை, அதனால் நீ ஓட்டு என்றாய். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அதே அளவுக்குப் பயமும் இருந்தது. புருஷனை இழந்தவள் நல்ல காரியத்தில் தள்ளி நிற்க வேண்டும் என்று இப்போதெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். உன் பெரியம்மா சிரித்துக்கொண்டே வாங்குகிற ஆள் இல்லை. "தாலி இல்லாதவ மாப்பிள்ள காரை ஓட்டறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க? வேண்டாஞ் சாமி, ஆராச்சும் ஆம்பள ஓட்டட்டும்" என்று உன் முகத்துக்கு நேரே சொன்னாள். நீ கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தாய். "எங்கம்மா ஓட்டலீன்னா நான் கார்லயே ஏற மாட்டேன்" என்றாய். அன்றிலிருந்து நீ அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இந்தக் காரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நீ கோகிலாவிடம் காட்டுவாய், காட்ட வேண்டும், அதனால் அவளுக்காகச் சொல்கிறேன். அது உன் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பழைய அம்பாசிடர். அவர் போன பிறகு அதை விற்றுவிடச் சொல்லாதவர்கள் சொந்தத்தில் யாரும் இல்லை. நான் முட்டை அட்டைகளை டிக்கியில் அடுக்கி ராசிபுரம் கடைகளுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன், அதிலேயே ஓட்டவும் பழகினேன். அதில் அப்போது இருந்தது டைனமோ. வண்டி வேகமாக ஓடினால்தான் அது கரண்டு கொடுக்கும். ஊர்ந்தால் கொடுக்காது, பேட்டரியில் இருப்பதை விளக்குகள் தின்றுகொண்டிருக்கும். டேஷ்போர்டில் இருந்த சின்ன மீட்டரில் இது தெரியும். ஊசி ப்ளஸ் பக்கம் இருந்தால் பேட்டரி ஏறுகிறது, மைனஸ் பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. இருட்டுகிற நேரத்தில் டோல்கேட்டில் வண்டி நின்று நின்று போகும்போது ஊசி மைனஸுக்குப் போய்விடும். உடனே ஹெட்லைட்டை அணைத்துவிடுவேன். பின்னால் நிற்கிற லாரிக்காரன் என் குலத்தையே இழுத்துத் திட்டுவான். இத்தனை வருஷமும் நான் ரோட்டைப் பார்த்து ஓட்டியதைவிட அந்த ஊசியைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம்.

டைனமோ வண்டிக்கு ஆகவே ஆகாத வேலை மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் பேண்டு, அதற்கு முன்னால் பட்டாசு, நடுரோட்டில் நின்று ஆடுகிற பையன்கள். ஆள் நடக்கிற வேகத்தில்கூட வண்டி போகாது. அதே நேரத்தில் மேலே சீரியல் லைட், உள்ளே லைட், முன்னால் ஹெட்லைட் என்று எல்லாமே எரிய வேண்டும். பெரியம்மா மகன் மூர்த்தியின் அழைப்பும் இதே காரில்தான் நடந்தது. உன் அப்பா ஓட்டினார். நீ பரீட்சை என்று ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாய். பாதி வழியில் சீரியல் லைட் மங்கியது, ஹெட்லைட் சிவந்தது, ஒரு திருப்பத்தில் இன்ஜின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் ஆகவே இல்லை. மாப்பிள்ளையை உள்ளே வைத்தபடி இருட்டில் மண்டபம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம். அதற்கான பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? அலங்காரம் பண்ணிக்கொண்டு மண்டபத்தில் காத்திருந்த பெண்ணின் தலையில். வருகிறவளுடைய ராசி என்று யாரோ ஆரம்பித்தார்கள். அப்புறம் கிணற்று மோட்டார் எரிந்தாலும் மாடு நோயில் விழுந்தாலும் கார் நின்ற கதைதான். அந்தப் பெண் சுதா வருஷம் திரும்புவதற்குள் அம்மா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. விவாகரத்து ஆனது. ஒத்துப்போகவில்லை என்றுதான் உனக்குச் சொன்னோம். நான் ஓட்டப் பழகி, ஊசி எதற்குச் சாய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அன்றைக்கு நடந்தது எனக்கே விளங்கியது. ஒரு டைனமோ செய்ய முடியாத வேலைக்கு ஒரு பெண் பெட்டியைக் கட்டியிருக்கிறாள்.

அதனால்தான் நீ டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் மாட்டலாம் என்று சொன்னபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இது வண்டி நின்ற இடத்தில் நின்று ஓடினாலும் கரண்டு கொடுக்கும், பழைய டைனமோவைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் கொடுக்கும் என்றாய். இந்தமுறை வண்டி நின்றால் பழி மண்டபத்துக்குப் போகாது, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவள் மேலேயே விழும். அதை நீயும் நானும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து நாமக்கல்லில் செல்வத்தின் ஷெட்டில் நீ கிடந்தது எதற்கு என்று எனக்குத் தெரியும். லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற செல்வத்துக்கு நம் கார் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. டைனமோ நீளமாக இருந்தது, ஆல்டர்னேட்டர் குட்டையும் குண்டுமாக இருந்தது, டைனமோவைத் தாங்கியிருந்த பழைய இரும்புக் காதுகளில் உட்காரவில்லை. லேத்தில் புஷ் கடைந்து, தகடு வெட்டிப் புதுக் கிளாம்ப் அடித்து, பெல்ட் ஓடுகிற புல்லி மூன்றும் ஒரே கோட்டில் வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தீர்கள். ஃபேன் பெல்ட் முதல் நாள் கத்திய கத்தலில் என் கோழிகள் முட்டையிட மறந்திருக்கும். அதை இறுக்கி, சரிபண்ணி, ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, "ஊசியப் பாரும்மா" என்றாய். ப்ளஸ்ஸிலேயே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீ கவனிக்கவில்லை.

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது, அது என் தப்பு. "அம்மா, ஆல்டர்னேட்டர்ல இருந்து பேட்டரிக்கு நேரா ஒரு தடி ஒயரு இழுத்துப் போடறனுங்க. பழைய மீட்டரு வழியா அத்தன கரண்டும் போகோணும்னு இல்லீங்க" என்றான் செல்வம். அப்படிப் போட்டால் ஊசி என்ன ஆகும் என்று கேட்டேன். பெரிதாக அசையாது என்றான். "ஊசி அசையலீன்னா நான் எதப் பாத்து ஓட்டறது?" என்றேன். "ஊசியப் பாக்காம ஓட்டறதுக்குத்தாம்மா இவ்வளவும்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். நான் விடவில்லை. அத்தனை பேர் நடுவில் ஓட்டப்போகிறேன், எனக்கு இருக்கிற ஒரே தைரியம் அது, அதையும் பிடுங்காதே என்றேன். கல்யாண மாப்பிள்ளை அம்மாவை எதிர்த்துப் பேசக்கூடாது என்று சொல்லி உன் வாயையும் அடைத்தேன். சாதாரணமாக ஓட்டுவதற்கு இதுவே தாங்கும், கூட எதையும் மாட்டாதீர்கள் என்று செல்வம் ரெண்டு தரம் சொல்லி அனுப்பினான்.

வாசலில் அந்தச் சண்டை நடந்து ரெண்டு நாள் கழித்துப் பெரியம்மா மறுபடி வந்தாள். நீ பெங்களூர் போய்விட்டிருந்தாய். நான் ஓட்டுவதற்கு அவள் சம்மதித்தாள், ஆனால் தான் உன் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வருவதாகச் சொன்னாள். ஒரு சுமங்கலி கூட இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் சரி என்றேன். போகும்போது வாசலில் நின்று, "புள்ள, காருக்கு மேல ரெண்டு போகஸ் லைட்டு வெக்கச் சொல்லு. மாப்பிள்ள மொகம் பளிச்சுன்னு தெரியோணும். மூர்த்தி அழைப்புல அவன் மொகத்தையே ஆரும் பாக்குல" என்றாள். அதற்கும் சரி என்றேன். புது ஆல்டர்னேட்டர்தான் இருக்கிறதே என்ற தெனாவெட்டு எனக்கு.

அழைப்பு அன்றைக்கு அஸ்தம்பட்டியில் பிள்ளையார் கோயிலிலிருந்து வண்டியை எடுத்தபோது என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. கதவுகளைச் சேர்த்து மல்லிகைச் சரம் சுற்றிக் கட்டியிருந்தார்கள், பானெட் முழுக்கப் பூவலை. அலங்காரக்காரர் சீரியல் லைட்டையும் போகஸ் லைட்டையும் பேட்டரியிலேயே கிளிப் போட்டு மாட்டியிருந்தார். அவர்கள் எல்லாக் காருக்கும் அப்படித்தான் செய்வார்கள். ஆல்டர்னேட்டர் கொடுத்த கரண்டு பேட்டரியில் மாட்டிய அந்த விளக்குகளுக்குப் போய்ச் சேருவதற்கு என் ஊசியையும், அதற்குப் பின்னால் இருந்த பழைய மெல்லிய ஒயரையும் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. இதெல்லாம் செல்வம் அப்புறம் படம் போட்டு விளக்கியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி ப்ளஸ்ஸில் கடைசி வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான். எவ்வளவு நன்றாக ஏறுகிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

பேண்டுக்காரர்கள் வாசித்த வாசிப்பில் காது அடைத்துப்போனது. ரோட்டின் ரெண்டு பக்கமும் ஜனம், பைக்கை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், ஓட்டுவது ஒரு பொம்பளை என்று தெரிந்ததும் செல்போனைத் தூக்குகிறார்கள். நம் சொந்தக்காரர்கள் காரை ஒட்டி நடந்து வந்தார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார்கள். எந்த இடத்தில் நிற்கும் என்று காத்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றியது. பாதித் தெரு தாண்டியிருப்போம். ஒரு வாசம் வந்தது. பட்டாசு என்று நினைத்தேன். அடுத்த கடை வரைக்கும் ஓட்டினேன். பட்டாசு வாசம் அப்படி இருக்காது. இது ப்ளாஸ்டிக் கருகுகிற வாசம், பண்ணையில் ஒருமுறை சுவிட்ச் பெட்டி எரிந்தபோது வந்த அதே வாசம். என் முழங்காலுக்கு மேலே சூடு தெரிந்தது. கண்ணு, அப்போதே நான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மண்டபத்து டியூப் லைட் தெரிகிறது, இன்னும் கொஞ்சம்தான், போய்ச் சேர்ந்துவிடலாம், நடுரோட்டில் நின்றால் நான் செத்தேன் என்று மனசு கணக்குப் போட்டது. பின்சீட்டில் நீ. கதவைச் சுற்றிப் பூ. பெற்ற பிள்ளையை அந்த டப்பாவில் வைத்துக்கொண்டு, ஊர் வாய்க்குப் பயந்து நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். நீயும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். உன் மூக்கு விடைத்திருந்தது. உனக்கும் வாசம் வந்துவிட்டது என்று அந்த நொடியே தெரிந்தது. எனக்கு முன்னாலேயே வந்திருக்கும், நீ மாட்டிய ஒயர் அது. ஆனால் நீ வாயைத் திறக்கவில்லை. எனக்காகத் திறக்கவில்லை. நிறுத்தச் சொன்னால் அம்மாவைச் சொல்வார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீயும் நானும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரே புகையில் உட்கார்ந்திருந்தோம்.

வாயைத் திறந்தது பெரியம்மா. "நிறுத்து புள்ள! கருகுது, நிறுத்து!" என்று கத்தினாள். நான் அப்போதும், "இதா வந்தாச்சுக்கா" என்றேன். அவள் பின்னாலிருந்து எட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எவன் என்ன சொன்னா என்ன, நிறுத்துடீ!" என்றாள். என் வாழ்நாளில் அவள் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டது அன்றைக்கு ஒருநாள்தான். நிறுத்தினேன். சாவியை அணைத்தேன். இன்ஜின் நின்றது, புகை நிற்கவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாகச் சுருண்டு வந்தது. அவள் உன் பக்கத்துக் கதவை உதைத்தாள், சரம் அறுந்தது. "எறங்கு சாமி, வெசயா எறங்கு" என்று உன்னைப் பிடித்து வெளியே தள்ளினாள். நீ இறங்கிய பிறகுதான் அவள் நகர்ந்து இறங்கினாள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, மற்றது துண்டு துண்டாகத்தான். அப்புறம் நீ பட்டு வேட்டியோடு பானெட் மேல் பாய்ந்து பூவலையைப் பிய்த்ததும், மாப்பிள்ளை பூவைப் பிய்க்கிறான் என்று யாரோ கூச்சல் போட்டதும், நான் கதவுப் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து நீட்டியதும், நீ பேட்டரி ஒயரைக் கழற்றியதும் ஞாபகம் இருக்கிறது. எல்லா விளக்கும் அணைந்தது. பேண்டுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வாசிப்பை நிறுத்தினார்கள். நடுரோட்டில் மாப்பிள்ளை கார் இருட்டாக நின்றது, மூர்த்திக்கு நின்ற மாதிரியே.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது. உன் வேட்டியெல்லாம் கிரீஸ், கையில் கரி. உன் சிநேகிதர்கள் உன்னைப் பக்கத்து வீட்டுக்குள் வேட்டி மாற்ற இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த செல்வம் புதுச் சட்டையோடு காருக்கு அடியில் தலையை விட்டான். நான் ரோட்டோரத்தில் நின்றேன். நம் பங்காளி ஒருவர், பெயர் வேண்டாம், விருந்தில் உனக்கு இலை நிறைய வைத்தவர்தான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நல்ல காரியத்துல கையி பாத்துக் குடுக்கோணுமுங்க. இதுக்குத்தான் முன்னயே சொன்னது" என்றார். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அந்த வார்த்தைக்குத்தான் அத்தனை நாள் பயந்தேன். வந்துவிட்டது. கோகிலாவின் அப்பா அம்மா மண்டபத்து வாசலிலிருந்து ஓடி வருவது தெரிந்தது. அவர்கள் காதில் இது விழுவதற்குள் பூமி பிளந்து நான் உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

பெரியம்மா என் முன்னால் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முன்னயே சொன்னது ஆரு? நாந்தான? அப்ப என்னயக் கேளுங்க" என்றாள். "மேல ரெண்டு போகஸ் லைட்டு சேத்திப் போடச் சொன்னவ நானு. அந்தப் பாரம் ஒயரு தாங்குல, கருகிப்போச்சு. அவ கையில என்ன இருக்குது? நிறுத்தச் சொன்னதும் நானு. சொல்றதுன்னா என்னயச் சொல்லுங்க." அந்த ஆள் ஏதோ முனகினார். அவள் விடவில்லை. குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "ஒருக்கா இப்படித்தான் எங்கூட்டு வண்டி நின்னுச்சு. உள்ள உக்காந்திருந்த புள்ளையச் சொன்னீங்க. நானும் உங்க கூடச் சேந்துட்டுச் சொன்னேன். தினமுஞ் சொன்னேன். அவ போயிட்டா. எம் பையன் ஒத்தையில சோறு பொங்கித் திங்கறான். இன்னொருக்கா வண்டி நின்னதுக்கு எவளையும் சொல்ல உட மாட்டேன்" என்றாள். அத்தனை பேர் நடுவில், சம்பந்தி வீட்டார் முன்னால், தன் வீட்டு அசிங்கத்தைத் தானே எடுத்து வெளியில் வைத்தாள். மூர்த்தி கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தான்.

செல்வம் கருகிய ஒயர்களை வெட்டி ஒதுக்கிவிட்டு, அலங்காரக்காரரிடம் ஒயர் வாங்கி மடித்து முறுக்கி, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒன்றும் சாவி போடுகிற சுவிட்சுக்கு ஒன்றும் இழுத்துக் கட்டினான். நான் முதலிலேயே வேண்டாம் என்று சொன்ன அதே ஒயர். போகஸ் லைட்டை இறக்கிவிட்டார்கள். என்னால் முடியாது, வேறு யாராவது ஓட்டுங்கள் என்று சாவியை நீட்டினேன். பெரியம்மா என் கையை மூடினாள். "நீ ஓட்டுனாத்தான் நான் ஏறுவேன். ஏறு புள்ள" என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ வேட்டி மாற்றிக்கொண்டு வந்தபோது அவள் முன்னால் இருந்ததைப் பார்த்தாய். என்னை வேவு பார்க்க உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாய் அல்லவா? உன் முகம் கடுகடுவென்று ஆனதைக் கண்ணாடியில் பார்த்தேன். மண்டபம் வரைக்கும் கியர் மாற்றுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் கை என் கைமேல் இருந்தது. அதை நீ பின்னாலிருந்து பார்த்திருக்க முடியாது.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். கல்யாண வேலை, அப்புறம் மறுவீடு, அப்புறம் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், சொல்ல ஆரம்பித்தால் வாசம் வந்தும் நான் நிறுத்தவில்லை என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ எல்லோரிடமும், எங்கம்மா டக்கென்று நிறுத்திவிட்டாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் நிறுத்தவில்லை, அது உனக்கும் தெரியும், தெரிந்தே எனக்காகச் சொன்னாய். பார், இப்போதுகூட நாம் அதையே செய்துகொண்டிருக்கிறோம். இனிமேல் வேண்டாம். கோகிலாவிடமும் இதைச் செய்யாதே. அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து எதையும் விழுங்கிக்கொண்டு உட்காராதே. கருகுகிற வாசம் வந்தால் வருகிறது என்று சொல். அவள் சொன்னால், மண்டபம் தெரிகிறது, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லி ஓட்டாதே. ஊர் பார்க்கும். பார்க்கட்டும். அவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள், நீங்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பெரியம்மா வாசலில் நின்று சொன்ன வார்த்தை தப்புதான். அதை நான் மறைக்கவில்லை, மன்னிக்கச் சொல்லி உன்னைக் கெஞ்சவும் இல்லை. அவளிடமே கேட்டேன், ஏன் அக்கா அப்படிச் சொன்னாய் என்று. "பயம் புள்ள. வண்டி நின்னா உன்னயும் அப்படியே சொல்லுவாங்கன்னு பயம். அதச் சொல்லத் தெரியாம வாயில வேற வந்துருச்சு" என்றாள். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். நான் நம்புகிறேன். அவள் வாய் எப்படி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் செல்வத்தின் ஷெட்டிலிருந்து நேற்று வந்தது. தடி ஒயர் போட்டாகிவிட்டது, டேஷ்போர்டுக்கு அடியில் கருகிய ஒயரிங் எல்லாம் புதிது. மீட்டரைக் கழற்ற வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஊசி நடுவிலேயே நிற்கிறது, எதற்கும் அசையவில்லை. ராசிபுரம் வரைக்கும் முட்டையோடு போய் வந்தேன். முதலில் நாலைந்து தரம் கண் தானாக அங்கே போனது, அப்புறம் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

வரும்போது பெரியம்மா வீட்டு வழியாகத்தான் வந்தேன். வாசலில் நாட்டுக்கோழி ரெண்டைக் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு. நீ மாட்டேன் என்று சொன்னது அவளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நீ வருவாயா மாட்டாயா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. கார் கிட்டே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு, "கோகிலாவுக்குக் காரம் ஆகுமா புள்ள?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா